பேரீச்சம்பழப் பொருளாதாரம்

எங்கள் சிறுவயதில் வீட்டுக்குள் வந்த எந்தப் பொருளும் குப்பையாக வெளியே போனதாக எனக்கு நினைவில்லை. இதைச் சொன்னால் பேத்தி சிரிக்கிறாள். நீங்களும் என் வயதை ஒட்டியவரென்றால், சிரிப்பதற்கு முன் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காய்கறித் தோல் கழுநீர்ப் பானைக்குப் போகும், கழுநீர் மாட்டுக்குப் போகும், சாணமும் சாம்பலும் கொல்லைக் குழிக்குப் போகும், குழி நிரம்பியதும் வயல்காரர் மாட்டுவண்டியோடு வந்து, வண்டிக்கு இவ்வளவு என்று பேரம் பேசிப் பணம் கொடுத்து அள்ளிக்கொண்டு போவார். அப்பாவின் வேட்டி கிழிந்தால் துண்டாகும், துண்டு நைந்தால் தம்பிக்கு அரைத்துணியாகும், அதற்கும் லாயக்கில்லாமல் போனால் அடுப்பங்கரையில் கரித்துணியாகும், எஞ்சியது விளக்குத் திரியாகி எரிந்தே போகும். எடைக்குப் போன செய்தித்தாளும் வாரப் பத்திரிகையும் சீரகத்தையும் கசகசாவையும் சுமந்துகொண்டு பொட்டலமாக வீடு திரும்பும். அதைப் பிரித்து, தொடர்கதையின் ஒன்பதாம் அத்தியாயத்தைத் திண்ணையில் உட்கார்ந்து படித்துவிட்டு, பத்தாம் அத்தியாயம் எந்த வீட்டுக் கடுகோடு போயிற்றோ என்று ஏங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! கதாநாயகி கிணற்றில் குதித்தாளா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சற்றுத் தள்ளி, ஜி.என்.டி. சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் எங்கள் ஊர். மாடும் மண்ணும் தின்ன முடியாதவற்றுக்கென்று அங்கே ஒருவர் வருவார். சைக்கிள் கேரியரில் ஒரு பக்கம் கோணிப்பை, மறுபக்கம் கூடை. கூடையில் ஒன்றோடொன்று ஒட்டி அடைகட்டிப்போன, ஈ மொய்க்கும் பேரீச்சம்பழம். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று அவர் இழுத்துக் கூவும்போது, தெருவில் பாடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் ஓடி, கட்டிலுக்கு அடியில் எதையாவது தேட ஆரம்பிப்போம். தராசு கிடையாது, கண்ணாலேயே எடைபோடுவார். “இன்னாப்பா, இவ்ளோ பெரிய குண்டானுக்கு நாலு பழமா?” என்பாள் ஆயா. “குண்டான் பெருசுதான் ஆயா, ஓட்டையும் பெருசாச்சே” என்பார் அவர். கடைசியில் இரண்டு பழம் கூடுதலாக விழும். அந்த இரண்டு பழத்துக்காகத்தான் அவ்வளவு நேரமும் பேச்சு நடந்தது என்பது இருவருக்கும் தெரியும்.

எனக்கு அந்தத் தொழிலில் தனி வருமானம் இருந்தது. அப்போதெல்லாம் கூட்ஸ் வண்டிப் பெட்டிகளின் கதவைக் கம்பியால் கட்டி ஈய வில்லை வைத்து முத்திரை அடித்திருப்பார்கள். சரக்கு இறக்கும் இடத்தில் அறுத்தெறிந்த வில்லைகள் ஜல்லிக்கு நடுவே கிடக்கும். அவற்றைப் பொறுக்கிக் கால்சட்டைப் பையில் சேர்த்துவைப்பேன். இரும்பைவிட ஈயத்துக்குப் பழம் அதிகம். ஒருநாள் அவரிடம், இதையெல்லாம் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டதற்கு, “பழவேற்காட்டு வலைக்கு” என்றார். வலையின் ஓரத்தில் கட்டும் ஈயக் குண்டுகளைப் பற்றிச் சொல்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. கல்கத்தா மெயில் போகும் பாதையில் கிடந்த முத்திரை, என் பையில் ஏறி, அவர் கோணிப்பையில் இறங்கி, ஏரியில் மூழ்கி, இறாலாக மேலே வந்து பொன்னேரிச் சந்தைக்குப் போனதென்றால், அந்தச் சங்கிலியில் எங்கேயும் அரசாங்கம் இல்லை, விழிப்புணர்வுப் பேரணி இல்லை, சுவரொட்டி இல்லை. இடையில் ஒவ்வொரு கையிலும் ஏதோ ஒரு காசு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

நேர்மையும் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பழைய பேப்பர் கடைக்காரர் தராசுத் தட்டைச் சுண்டுவிரலால் தாங்குவார் என்பது ஊரறிந்தது. அதற்கு ஈடுகட்ட ஆயா, பேப்பர் கட்டின் நடுவிலுள்ள தாள்களின்மேல் முதல் நாள் ராத்திரியே லேசாகத் தண்ணீர் தெளித்துவைப்பாள். இரண்டு திருட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, முடிவில் கிடைத்த தொகை அநேகமாக நியாயமான விலையாகவே இருந்திருக்கும். பின்னாளில் வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, சந்தைச் சமநிலை என்று பயிற்சி வகுப்பில் பாடம் நடத்தியபோது, எனக்கு ஆயாவின் ஈரக்கைதான் கண்முன் வந்தது.

இதையெல்லாம் இப்படி உருகி எழுதுகிற நான், வாலிபத்தில் இவற்றின்மேல் வைத்திருந்த வெறுப்பைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பட்டணத்துக் கல்லூரிக்கு லோக்கல் ரயிலில் போய்வந்த காலம். அம்மா கொடுத்தனுப்பும் மஞ்சப்பையை, ஏதோ ஜவுளிக்கடையின் பெயர் சிவப்பில் அச்சடித்த அந்தப் பையை, கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் நான்காக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொள்வேன். சென்ட்ரலில் மஞ்சப்பையோடு இறங்குபவனைப் பட்டணம் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அப்படித்தான் பார்த்தேன். எண்பதுகளில் சிப்காட் வளாகத்தில் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக எழுந்தபோது, மாலையில் நண்பர்களோடு மேம்பாலத்தில் நின்று புகையை எண்ணுவோம். புகை அதிகமென்றால் வேலை அதிகம். வேலை அதிகமென்றால் நம் ஊரும் ஊராகிவிட்டது என்று பொருள்.

ஊர் ஊராவதற்கு இன்னொன்றும் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது: சென்னையில் தெருமுனைதோறும் இருந்த சிமென்ட் குப்பைத்தொட்டி. தொட்டி இல்லாத தெருவைத் தெரு என்று சொல்ல எனக்கு வாய் கூசியது. நாகரிக வாழ்வின் அடிப்படை என்று தொடங்கும் ஒரு மனுவை நானே எழுதி, தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். அப்போது நாங்கள் செங்கல்பட்டு மாவட்டம், ஆட்சியரோ காஞ்சிபுரத்தில். வடகோடியிலிருந்து மூன்று பேருந்து மாறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். “அதுல போட நம்மகிட்ட இன்னாடா இருக்கு?” என்று ஆயா கேட்டாள். அந்தக் கேள்வியின் ஆழம் புரிகிற வயதில் நான் இல்லை.

தொட்டி வந்தது. வந்த பிறகு அதில் போடுவதற்கான பொருளும் வந்தது. காலித் தொட்டி ஒரு தெருவில் இருக்க, மனிதன் எதையாவது வாங்காமல் இருக்கமாட்டான் போலும். பாலிதீன் பை வந்தது. ஆவின் பால் பாட்டிலிலிருந்து கவருக்கு மாறியது. கோலி சோடாவின் இடத்துக்குக் குடித்துவிட்டுத் தூக்கியெறியும் பாட்டில் வந்தது. தொட்டியை யாரும் காலி செய்யாததால் தெருவே சேர்ந்து வாரத்துக்கொருமுறை கொளுத்திவிடும். அந்தப் புகையை மேம்பாலத்தில் நின்று யாரும் எண்ணவில்லை.

இவற்றில் பெரிய புரட்சி, கையகல உறை ஒன்றில் வந்தது. ஷாம்பு சாஷேயைச் சொல்கிறேன். உலகத்துக்கே தமிழ்நாடு கொடுத்த கொடைகளைப் பட்டியலிடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்: கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர்தான் ஏழைக்கும் எட்டுகிற விலையில் ஷாம்புவைச் சிறு உறையில் அடைக்கலாம் என்று வழிகாட்டியவர், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியே வந்து சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அந்த நிறுவனம் ஒரு காலத்தில் அறிவித்த திட்டம் என் தங்கைக்கு இன்றும் நினைவிருக்கிறது: எந்த ஷாம்புவின் காலி உறையானாலும் சரி, ஐந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம். பிறகு, சிக் உறை ஐந்துக்கு ஒன்று என்று மாற்றினார்கள். திட்டம் நடந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு காலி உறை கண்ணில் படாது. என் தங்கையும் அவள் தோழிகளும் குளத்தங்கரை, பேருந்து நிறுத்தம் என்று தேடிப் பொறுக்கிவிடுவார்கள். திட்டம் நின்றது, அதே உறைகள் அதே குளத்தங்கரையில் மீண்டும் மிதந்தன. குப்பை மேலாண்மை பற்றிப் பின்னாளில் நான் படித்த அறிக்கைகள் எதுவும் இதைவிடத் தெளிவாக எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை.

அந்த உறையின் சங்கடம் இதுதான். ஒட்டியிருக்கும் இரண்டு மூன்று படலங்களைப் பிரித்தெடுப்பது எளிதல்ல. ஒரு கிலோ சேர வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் குனிந்து பொறுக்க வேண்டும். பொறுக்குகிறவர் கூலிக்கும் அது தேறாது. இரும்புக்கும் செம்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் யாரும் சட்டம் போடத் தேவையில்லை, அவற்றை யாராவது வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். விலையில்லாததற்குத்தான் சட்டம் வேண்டியிருந்தது. சட்டமும் வந்தது. 1996இல் பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பயனாக 2000இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் பிறந்தன; 2016இல் புதிய விதிகள் வந்து, மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்றன; அள்ளுவதற்குக் கட்டணம் வாங்கவும் பிரிக்காதவருக்கு அபராதம் போடவும் வழி செய்தன. குப்பைக்குப் பணம் வாங்கிய ஆயாவின் பேரன், குப்பைக்குப் பணம் கட்டுகிறவனானேன்.

இப்போது காலையில் பேட்டரி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது. பச்சைக் கூடை, நீலக் கூடை. நான் காஞ்சிபுரம் போய் மன்றாடி வாங்கிய தொட்டியை ஒருநாள் கடப்பாரையால் இடித்தெடுத்துவிட்டு, குப்பைத்தொட்டி இல்லாத தெரு என்று அதே இடத்தில் பெருமையாகப் பலகை வைத்தார்கள். பார்த்துக்கொண்டு நின்றேன், கைதட்டவும் செய்தேன். பச்சைக் கூடையில் இருப்பது உரக்கொட்டகைக்குப் போய்த் தொட்டியில் மக்கி, சலித்து, விற்பனைக்கு வருகிறது. எங்கள் கொல்லைக் குழி செய்த வேலைதான், இப்போது அதற்கு நுண் உரமாக்கும் மையம் என்று பெயர். நீலக் கூடையில் இருப்பது வளம் மீட்புப் பூங்காவுக்குப் போகிறது. பூங்கா என்றதும் பேத்தி ஊஞ்சல் இருக்குமா என்று கேட்டாள். தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் நீலக் கூடையைக் கவிழ்த்ததும் முதலில் தண்ணீர் பாட்டிலையும் அட்டையையும் தனிக் கோணியில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். விற்று வருகிற காசு பல ஊர்களில் அவர்களுக்கே போகிறது. அந்த அம்மாவின் கண் எடைபோடும் விதம் எனக்கு மிகப் பழக்கமானது. கூடையில் பேரீச்சம்பழம் மட்டும்தான் இல்லை. அவரும் ஒதுக்கிவிடுகிற சிப்ஸ் உறையும் சாஷேயும் கட்டுக்கட்டாக லாரி ஏறி அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகின்றன. அங்கே அவற்றை விலைக்கு வாங்குகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவே ஊராட்சிகளுக்குப் பெரும்பாடு.

பேப்பர் கடைக்காரர் இன்றும் இருக்கிறார், பழையவரின் மகன். மின்தராசு வைத்திருக்கிறார், ஜிபேயில் பணம் அனுப்புகிறார், சுண்டுவிரலுக்கு வேலையில்லை. ஆனால் விலை அவர் கையில் இல்லை. 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுக் கழிவுகளுக்குக் கதவைச் சாத்தியதும் உலகமெங்கும் பழைய தாளும் பிளாஸ்டிக்கும் தேங்கி விலை சரிந்தது. கச்சா எண்ணெய் மலிந்தால் புதுப் பிளாஸ்டிக் மலியும், பழைய பாட்டிலை வாங்க ஆள் குறையும். 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவின் ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18க்கு ஏறியது. புதிதாக வாங்கும்போது ஒருமுறை வரி கட்டிய பொருள், பழசாகி மறுபிறவி எடுக்கப் போகிற வழியில் இன்னொருமுறை வரி கட்டுகிறது. “அதான் சார், போன மாசம் கொடுத்த ரேட்டு இப்ப கட்டாது” என்று அவர் சொல்லும்போது நான் ஷாங்காயோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது புரிந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். ஆயாவாக இருந்தால் ஷாங்காயையும் இரண்டு பழம் கூடுதலாகப் போட வைத்திருப்பாள்.

2022 பிப்ரவரியில் இன்னும் பெரிய ஏற்பாடு ஒன்று வந்தது. பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கிற நிறுவனமே அந்த உறைக்குப் பொறுப்பு. அதைத் தானே திரட்ட வேண்டும், அல்லது மறுசுழற்சி செய்கிறவரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். யோசனை மிக நல்லது. சாஷேக்கு ஒருவழியாக ஒரு விலை கிடைத்தது. விலை வந்த இடத்தில் ஈரக்கையும் வந்துவிட்டது: 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தபோது, லட்சக்கணக்கான சான்றிதழ்கள் போலி என்று தெரிந்தது. உருக்காத பிளாஸ்டிக்கை உருக்கியதாக எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஆயா தண்ணீராவது தெளித்தாள்; இவர்கள் பேப்பர் கட்டே இல்லாமல் எடை போட்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில், பேரீச்சம்பழக்காரர் தூக்கிச் சுமந்த பொருளெல்லாம் கடைசியாகப் போய்ச் சேரும் இடமாக எங்கள் ஊரே ஆகிவிட்டது. சிப்காட்டின் தூண்டல் உலைகளில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும், கப்பலேறி வெளிநாடுகளிலிருந்தும் வந்த பழைய இரும்பு உருகிக் கம்பியாகிறது. அப்பாவின் ராலே சைக்கிள் இந்நேரம் ஆவடியில் யாரோ ஒருவர் வீட்டுத் தூணுக்குள் நிற்கலாம். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கிற ஆலைகள் இங்கே உண்டு. மாநிலத்துத் தொழிற்சாலைகளின் அபாயக் கழிவைப் புதைக்கிற நிலமும் இங்கேதான் இருக்கிறது. இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி வாங்கப் போனால், பழையதைக் கொடுத்தால் இவ்வளவு கழிவு என்று கடைக்காரர் கேட்காமலேயே சொல்கிறார். பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம், அதனால் அதை யாரும் குப்பையில் போடுவதில்லை, சட்டம் 2001இல் வருவதற்கு முன்பும் போட்டதில்லை. ஆனால் ஈயம் இப்போது சும்மா வருவதில்லை. கையுறை, முகமூடி, புகை வடிகட்டி, தொழிலாளர் ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை என்று பெரிய பரிவாரத்தோடு வருகிறது. ஈய வில்லையும் பேரீச்சம்பழமும் ஒரே கால்சட்டைப் பையில் கிடக்க, ஒட்டிய தூசியை ஊதிவிட்டுப் பழத்தைத் தின்ற பையனை இன்றைய விதிப்படி அபாயகரக் கழிவு என்றே வகைப்படுத்த வேண்டியிருக்கும். அந்தக் காலத்துச் சங்கிலியில் அரசாங்கம் இல்லை என்று மேலே பெருமையாகச் சொன்னேன். மருத்துவரும் இல்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

மஞ்சப்பையும் திரும்பி வந்துவிட்டது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இயக்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தருகிற இயந்திரம் வைத்தார்கள். நானும் போட்டேன். சட்டைக்குள் ஒளித்த பையைக் காசு கொடுத்து வாங்கி, இப்போது தோளில் வெளியே தெரியும்படி மாட்டிக்கொள்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் மரியாதையாகப் பார்க்கிறார்கள்.

ஆனால் இத்தனை திட்டங்களிலும் பேரீச்சம்பழக்காரருக்கு உண்மையான வாரிசு யாரென்று கேட்டால், டாஸ்மாக் என்றுதான் சொல்வேன். காட்டில் யானையின் காலைக் கிழிக்கும் பாட்டில்களைப் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பேரில், 2022இல் நீலகிரியில், பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித்தரும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன. முறை வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. உபதேசத்தால் ஒருபோதும் திருந்தாதவர் என்று ஊர் கைவிட்ட மனிதர்கூட, தள்ளாடியபடியே காலிப் பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்துக் காசை எண்ணி வாங்குகிறார். சாஷேக்கும் சிப்ஸ் உறைக்கும் இதே போல ஐம்பது காசு ஒட்டிவிட்டால், அரியலூர் லாரியும் போலிச் சான்றிதழும் எதற்கு?

இந்த எண்ணம் தலைக்கேறி, திங்கட்கிழமை திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனுவே கொடுத்துவிடுவது என்று நேற்று எழுத உட்கார்ந்தேன். இப்போது நாங்கள் தனி மாவட்டம், காஞ்சிபுரம் போக வேண்டியதில்லை. மனைவி பின்னாலிருந்து எட்டிப் படித்தாள்.

“ஏங்க, போன தடவை மனு கொடுத்துத் தொட்டி வாங்கினீங்க. இப்ப இது வேறயா?”

“இது பொருளாதாரம். விலை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்.”

“வைக்கட்டும். அந்த ஐம்பது காசு யாருக்கு? பால் கவரைக் கழுவிக் கொடியில காயப்போட்டுக் கட்டி வெக்கிறது நான். எடைக்குப் போட்டுக் காசு வாங்கி வர்றது நீங்க. அதையும் மனுவுல சேர்த்து எழுதுங்க.”

மனு இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. அந்தப் பத்தியை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.